கால் அளவுக்கு ஒரு நூல்

விழா மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எனக்கு வந்த கடிதங்களை வைத்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு அட்டை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அன்றும் அப்படித்தான் படித்தேன். 'போர்முனையிலிருந்து ஒரு வீரன் தன் தாயாருக்கு எழுதிய கடிதங்கள்.' தாயாருக்கு என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து வந்தேன். நான் படித்ததில் தப்பில்லை. அவர்கள் எழுதினதில்தான் தப்பு.

பக்கத்தில் நின்ற மருமகளிடம், "இது யாரு அம்மாவுக்கு எழுதினது?" என்று கேட்டேன். "மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும் என்றுதான் வந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பெட்டியின் கடைசி மூலையைப் பார்த்தேன். மொத்தம் ஏழு கடிதம். ஆறு பிரித்தது, ஒன்று பிரிக்காதது. அந்த ஏழாவதை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒட்டினது ஒட்டினபடி வைத்திருந்தேன். அது பிளேடு போட்டுப் பிரிக்கப்பட்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு, நாலு மூலையிலும் ஊசி குத்திக் கிடந்தது.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நோட்டுப் புத்தகத்தில் எழுத்துப் பிழையை மட்டும் மருமகள் திருத்தலாம், வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதினதில் கை வைப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

நான் வளர்ந்தது அந்தமானில், லாங் ஐலண்டில். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மர ஆலையில் சேர்ந்தவர். காட்டில் வெட்டின மரத்தை யானை இழுத்துவந்து கரையில் போடும். ஆலையில் சங்கு ஊதினால் வேலைக்குப் போவார்கள், மறுபடி ஊதினால் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் வரிசையில் நாலாவது வீடு அவனுடையது. அவன் என்றுதான் எழுதுவேன். இருபத்திரண்டு வயதோடு நின்றுபோனவனை எழுபது தாண்டிய நான் அவர், இவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

அவன் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாம் இந்திதான். எட்டாவது வரைக்கும் போனான். தமிழ் அவனுக்கு வாயில் இருந்தது, கையில் இல்லை. என்னை இரண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். தம்பிகளைத் தூக்க ஆள் வேண்டுமாம். எனக்கு எந்த மொழியும் கையில் இல்லை. தமிழ் எழுத்தை நான் கற்றுக்கொண்டது வெகுகாலம் கழித்து, என் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து. இந்தி எழுத்து இன்றைக்கும் எனக்குக் கொடியில் துணி தொங்குகிற மாதிரிதான் தெரிகிறது.

அவன் பட்டாளத்தில் சேர்ந்து கிளம்பின அன்று படகுத்துறையில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். அவன் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் பக்கத்தில் வந்தான்.

"லெட்டர் போடுறேன்" என்றான்.

"போட்டு?"

"எனக்குத் தமிழ் எழுத வராது. இந்தி எழுத்துல தமிழை எழுதுவேன். உனக்கு ரெண்டுமே படிக்க வராது. நல்ல பொருத்தம்தான் போ. யாரை வச்சுப் படிப்பே?"

"கம்பவுண்டர் வீட்டு தீதியை."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"தெரியாததுனாலதான் சொல்றேன்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரியான ஆளுதான் நீ" என்று சொல்லிவிட்டுப் படகில் குதித்தான்.

எங்கள் தீவில் அக்காளைத் தீதி என்போம், எல்லா மொழிக்காரர்களும். கம்பவுண்டர் மனைவி இந்த மண்ணிலேயே பிறந்தவர், இந்தி தவிர வேறு பேச்சு அறியாதவர். அவர் வீட்டு விலாசத்துக்கே கடிதம் வந்தது. உள்ளேயும் வெளியேயும் என் பெயர் எங்கும் இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பட்டாளத்துக் கடிதம் வருகிறது என்றால் அந்தச் சின்னத் தீவில் யானைக்குக்கூடத் தெரிந்துவிடும். அதற்காக அவன் செய்த ஏற்பாடு அது. பின்னாளில் அதையே ஒருவன் என் முகத்தில் எறிவான் என்று அப்போது யார் கண்டது.

தீதி ஜன்னலோரம் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே படிப்பார். மருந்துப் புட்டியில் ஒட்டின சீட்டைப் படிக்கிற அதே குரல்தான். ஒரு சொல்லின் பாதியில் நின்று மூச்சு விடுவார், அடுத்த சொல்லின் பாதியோடு சேர்த்துப் படிப்பார். அவர் வாயிலிருந்து வருவது அவருக்கு வெறும் சத்தம். என் காதுக்கு வந்து சேரும்போது அது அவன் குரலாகிவிடும்.

"ஏ முறைச்சுக்கிட்டு நிக்கிறவளே, சாப்பிட்டியா?" என்றுதான் ஒவ்வொரு கடிதமும் ஆரம்பிக்கும்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று தீதி கேட்பார்.

"அங்கே மழையாம்."

அடுத்த கடிதத்துக்கும் மழை. அதற்கடுத்ததுக்கும் மழை. மூன்றாவது தடவை தீதி கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, "அந்த மழை எல்லாம் உன் முகத்துலதான் பெய்யுது, போ" என்று இந்தியில் சொன்னார். அதோடு கேட்பதை விட்டுவிட்டார். நல்ல மனுஷி.

அங்கே அவனுக்கும் அதே கதை நடந்திருக்கிறது. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்து முத்திரை குத்த வேண்டுமாம். எழுத்து இந்தி, ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. கூப்பிட்டு, "இது என்ன சங்கேத மொழியா?" என்று கேட்டாராம். இவன் விறைப்பாக நின்று, "இல்லை சார், எங்க ஊர்ல மழையான்னு கேட்டிருக்கேன்" என்றானாம். அதையும் அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தான். தீதி அதைப் படிக்கப் படிக்க நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் கடல் கடந்து ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம்.

அவனுக்கு நான் பதில் எழுத முடியாது. விலாசத்தை மட்டும் தீதி எழுதித் தருவார். உள்ளே பொருளை வைத்து அனுப்புவேன். மர ஆலையில் சீவின சிவப்புச் சுருள் ஒன்று, மோந்து பார்க்கட்டும் என்று. தட்டையாக நசுக்கின கருவாட்டுத் துண்டு ஒன்று. "கருவாடு வந்தது, என் கூடாரத்துல மூணு பேரு வெளியே ஓடிட்டான், நான் தனியா நிம்மதியாத் தூங்கினேன்" என்று எழுதினான்.

பிறகு வங்காளத்து எல்லையில் சண்டை தொடங்கியது. எங்கள் தீவிலும் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். அவன் கடிதத்தில் சேறு வந்தது, நனைந்த காலுறை வந்தது, பொரி கொடுத்த ஒரு வங்காளத்துக் கிழவி வந்தாள். தீவில் வங்காளிப் பிள்ளைகளோடு விளையாடினவன், அதனால் அவள் பேச்சு அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவன் கூட்டாளிகளுக்குப் புரியவில்லை. "எல்லாரும் என்னைப் பெரிய படிப்பாளின்னு நினைக்கிறாங்க, நீ சிரிக்காதே" என்றான்.

ஐந்தாவது கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "பீரங்கி சத்தம் கேட்டா நம்ம ஆலை சங்கு ஞாபகம் வருது. சங்கு ஊதினா வீட்டுக்குப் போவோம். இங்க சத்தம் கேட்டா எங்க போறதுன்னே தெரியல. எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதே." இத்தனை வருஷமும் நான் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அந்த மண்டபத்தில் 'பயம் என்ற சொல்லே அறியாதவர்' என்று அவன் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். பயந்துகொண்டே நின்றவனின் நிற்பைப் பிடுங்கிக்கொண்டு, பயமே தெரியாத ஒரு பொம்மைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் அவனுக்குச் செய்கிற துரோகம்.

ஆறாவது கடிதம் சின்னது. "லீவு கிடைச்சா கல்கத்தாவுலதான் கப்பல் ஏறணும். அங்க நல்ல செருப்பு கிடைக்குமாம். ஒரு நூல்ல உன் கால் அளவு எடுத்து அனுப்பு. சீக்கிரம்."

என் கால் பெரிய கால். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள். சின்னப் படகை எங்கள் பக்கம் டுங்கி என்போம். "ஏண்டி, ரெண்டு டுங்கியையும் கரையில ஏத்திக் கட்டு, வழி விடு" என்பார்கள். எனக்குச் செருப்பே கிடையாது, அந்த வரிசையில் யாருக்கும் கிடையாது. வெள்ளைத் தையல் நூலைக் குதிகாலில் வைத்து, பெருவிரல் நுனி வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். பிறகு ஒரு விரல் அகலம் குறைத்து வெட்டினேன். கால் நெருக்கினால் நெருக்கட்டும், கல்கத்தாக் கடைக்காரனுக்கு முன்னால் அவன் அந்த நீள நூலை எடுத்து நீட்ட வேண்டாம் என்று நினைத்தேன். அந்த வயதின் ரோஷம் அப்படி.

நூலை அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தபோது ஆலை ஆபீசுக்குத் தந்தி வந்தது. சங்கு ஊதுகிற நேரம் இல்லை, ஆனால் ஊதினார்கள். எல்லோரும் அந்த நாலாவது வீட்டுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன், எல்லோரையும் போல, எல்லோருக்கும் பின்னால்.

பத்து நாள் கழித்துப் போர்ட் பிளேரிலிருந்து வந்த படகில் ஏழாவது கடிதம் வந்தது. தீதி என் கையில் கொடுத்துவிட்டு, "படிக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நூல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. பிரித்துப் படித்து, நூல் வரவில்லை, ஏன் அனுப்பவில்லை, கோபமா என்று எழுதியிருந்தால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. பிரிக்காத வரைக்கும் நூல் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் என் கணக்கு. அசட்டுத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அவன் அம்மா ஒருநாள் பகல் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். எப்படித் தெரிந்ததென்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னடி எழுதினான்?" என்றார். நான் மனப்பாடமாகச் சொன்னேன். சேறு, காலுறை, பொரி எல்லாம் சொன்னேன். முறைச்சுக்கிட்டு நிக்கிறவளையும் பயத்தையும் செருப்பையும் விட்டுவிட்டேன். "அம்மா கை சோறு வேணும்னு எழுதியிருந்தாரு" என்று ஒன்றைச் சேர்த்தேன். அவன் அப்படி எழுதவில்லை. அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்லாதே, என் சோத்தை அவன் என்னைக்குப் பிடிச்சுச் சாப்பிட்டான்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். ஆகையால் நானும் கை வைத்தவள்தான். ஆனால் அடுப்படியில் ஒரு பெண்ணுக்காகச் சொன்ன பொய்யை நான் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பலில் கலாசி வேலை அவருக்கு. போர்ட் பிளேருக்கு வந்தோம். குட்வில் எஸ்டேட்டில் இன்று இருக்கிற வீடு அவர் கட்டினது. கடிதங்கள் இருந்த பிஸ்கட் டப்பா என்னோடு வந்தது. அவர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்த டப்பாவைத் தரையில வைக்காதே, ஈரம் ஏறும்" என்று சொல்லி, சுவரில் ஆணியடித்து அதற்கென்று ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். இன்று அவரும் இல்லை. பலகை இருக்கிறது.

தீதியும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இந்தி நன்றாகப் படிப்பான், ஆனால் அவனுக்குத் தமிழும் தெரியுமே. பெற்ற பிள்ளையிடம் கொடுத்து இதைப் படி என்று எப்படிச் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் போன மழைக்காலத்தில் கடிதம் எழுதினவனின் அண்ணன் மகன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். மரைன் ஹில்லில் வீடு, காண்ட்ராக்ட் வேலை, நாலு பேருக்குத் தெரிந்த ஆள். சின்ன வயதிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிடுவான்.

"அத்தை, சித்தப்பாவுக்கு ஒரு ஃபங்ஷன் பண்றோம். நானும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு கமிட்டி. அவரோட சாமான் ஒண்ணுமே எங்க வீட்ல இல்லை. அதாவது, ஒரு போட்டோ மட்டும்தான். உங்ககிட்ட லெட்டர் இருக்குன்னு எங்க அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னார்."

நான் யோசித்தேன். அவன் யாரென்று நாலு பேருக்குத் தெரியட்டும், அவன் யாருக்கு எழுதினான் என்பதும் தெரியட்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. மறைப்பதற்கு எனக்கு இனி எந்த வயது வர வேண்டும். டப்பாவை இறக்கி அண்ணன் மகன் மடியில் வைத்தேன்.

"ஆறு பிரிச்சது. இது ஒண்ணு ஒட்டினது. இதைப் பிரிக்கக் கூடாது."

"அரே அத்தை, நான் தொடுவேனா? அப்பா மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தைத்தான் நாலு மூலையிலும் ஊசி குத்தி வைத்திருந்தான்.

ஏழாவது கடிதத்துக்குப் பக்கத்தில் தமிழில் அச்சடித்த சீட்டு ஒன்று. கூட்டிப் படித்தேன். 'அம்மா, என் கடைசித் துளி ரத்தமும் தாய்நாட்டுக்கே. நான் திரும்பாவிட்டால் அழாதே, பெருமைப்படு.' அந்த அம்மாவிடம் அழாதே என்று சொன்னால் விளக்குமாற்றை எடுத்திருப்பார். அவனும் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. மேடையில் மைக் பிடிக்கிறவன் பேசுகிற பேச்சு இது.

அண்ணன் மகன் எப்படித் துணிந்தான் என்று அங்கே நின்று யோசித்ததில் எனக்கு விளங்கியது. இந்தி படிக்கிறவன் பெட்டியைப் பார்த்தால் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழ் ஆளுக்குப் பேச்சு தெரியும், எழுத்து தெரியாது. இரண்டும் தெரிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, மங்கிப்போன மசியைப் படிக்கப் போகிறார்கள்? எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றின அதே இடுக்கில் இவன் தன் பொய்யைச் சொருகிவிட்டான்.

அவனைக் கூப்பிட்டேன். கஞ்சி போட்ட சட்டையோடு, நெஞ்சில் பூக் குத்திக்கொண்டு வந்தான்.

"ஒட்டினதை யாரு பிரிச்சது?"

"ஸ்கேன் எடுக்கணும்னு பசங்க பிரிச்சுட்டாங்க அத்தை. டென்ஷன் ஆகாதீங்க."

"தாயாருன்னு யாரு எழுதினது?"

குரலைத் தாழ்த்தினான். "நாலு பேர் வர்ற இடம். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எழுதினார்னு போட்டா உங்களுக்குத்தானே அசிங்கம்? உங்க பிள்ளை, பேரன் எல்லாம் இருக்காங்க. உங்களுக்காகத்தான் பண்ணேன்."

"எனக்கு அசிங்கமான்னு என்கிட்ட கேட்டியா?"

"சரி, அப்படியே வச்சுக்குவோம். உங்க பேர் இதுல எங்க இருக்கு அத்தை? காட்டுங்க."

என் கண் ஏழு கடிதத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். கொஞ்சம் இரக்கத்தோடு, "விடுங்க. அந்தக் கடைசி லெட்டர்ல அப்படி ஒண்ணும் பெருசா இல்லை. ஏதோ நூலு..." என்று ஆரம்பித்தான்.

"நிறுத்து" என்றேன். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். "அது உன் வாயால எனக்கு வரக் கூடாது."

மேடையோரம் மலர் வளையம் வைக்க வந்த ஜவான் ஒருவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வடக்கத்திப் பையன், மீசை இப்போதுதான் முளைத்து ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. அவனிடம் போய் எங்கள் தீவு இந்தியில் கேட்டேன். "பேட்டா, உனக்குத் தமிழ் தெரியுமா?"

"நஹீ, மாஜி."

"ரொம்ப நல்லது. வா, ஒரு கடுதாசி படி."

அண்ணன் மகன் குறுக்கே வந்தான். "அத்தை, சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்."

"வரட்டும். அவரும் கேட்கட்டும். பெட்டியைத் திற. இல்லைன்னா கைத்தடி இருக்கு, நானே திறந்துக்குவேன்."

திறந்தான். முதல் கடிதத்தை எடுத்து ஜவான் கையில் கொடுத்து, மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். அவன் எழுத்தைப் பார்த்தான், முழித்தான், என்னைப் பார்த்தான். "புரிய வேண்டாம், சத்தமாப் படி போதும்" என்றேன். தீதி படித்த மாதிரியே படித்தான். பாதிச் சொல்லில் நின்றான், அடுத்த பாதியோடு ஒட்டினான்.

"ஏ முறைச்... சுக்கிட்டு நிக்கி... றவளே, சாப்பிட்டியா?"

முன்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெரியவர், "யோவ், பெத்த தாயை இப்படியா கூப்பிடுவான்?" என்றார். சிரிப்பு கிளம்பியது. ஜவான் பயந்துபோய் என்னைப் பார்த்தான். படி என்று கையைக் காட்டினேன். "நீ படகுத்துறையில நின்ன நிற்பு இன்னும் கண்ணுல இருக்கு. சிரிச்சு ஒரு தடவை அனுப்பியிருக்கலாம். பரவாயில்லை, திரும்பி வந்து சிரிக்க வச்சுக்கிறேன்" என்ற வரி வந்தபோது சிரிப்பு தானாக நின்றது. என் காதுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த குரலை அன்றுதான் மற்றவர்களும் கேட்டார்கள்.

அந்தப் பெரியவர் எழுந்து, "இது யாருக்குய்யா எழுதினது?" என்று அண்ணன் மகனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அது நான் நினைத்ததைவிடப் பெரிதாக விழுந்தது. மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள் என்று பார்த்தேன். குனியவில்லை.

அண்ணன் மகனிடம் தனியாக இன்னொன்றும் சொன்னேன். "என் பேரு இல்லைதான். உன் சித்தப்பா திரும்பி வந்திருந்தா இன்னைக்கு நீ என்னை அத்தைன்னா கூப்பிட்டிருப்பே? சித்தின்னு கூப்பிட்டிருப்பே. உங்க அப்பாவுக்குத் தெரியும். அதைத்தான் அவர் உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார்." அவன் மூக்கின் நுனி சிவந்தது. அவன் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும். அதைப் பார்த்ததும் கோபத்தில் கொஞ்சம் இறங்கிற்று. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏழாவதை ஊசியிலிருந்து நானே எடுத்தேன். ஒரு மூலை கிழிந்தது. ஜவானைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து, இதை மெதுவாகப் படி, எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்றேன். யார் எழுதினது என்று கேட்டான். உன் மாதிரி ஒருவன் என்றேன். அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு படித்தான்.

"ஏ முறைச்சுக்கிட்டு நிக்கிறவளே, சாப்பிட்டியா? நூல் வந்தது."

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். கப்பலிலிருந்து இறங்கின மூட்டைகளை ஏழு வரைக்கும் எண்ணினேன். பிறகு, ம் என்றேன்.

"நூல் சட்டைப் பையில இருக்கு. ஆனா இது பொய் அளவு. உன் கால் எனக்குத் தெரியும். நீ படகுத்துறையில ஈரக்காலோட நடந்து போவே. நீ போனப்புறம் அந்த ஈரத்துல என் காலை வச்சுப் பாத்திருக்கேன், ரெண்டும் ஒரே அளவு. யாரை ஏமாத்தப் பாக்குறே? ஒரு விரல் கூட்டித்தான் வாங்குவேன். இங்க மழை."

அவ்வளவுதான். ஜவான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஒன்றுமில்லை. "மாஜி, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"அங்கே மழையாம்" என்றேன்.

இப்போது அந்தப் பெட்டியில் கடிதம் இல்லை, ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தாயாருக்கு என்ற சொல்லை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, நகல் வைத்திருக்கிறார்களாம். அந்த இடத்தில் யார் என்று எழுத அண்ணன் மகனுக்கு இன்னும் கை வரவில்லை. எழுதும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், எனக்கு வேறு வேலை இல்லை.

ஆனால் என் கோபம் முழுவதும் அவன் மேல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது வருஷமாக நூல் போய்ச் சேர்ந்ததா என்று நான் ஏங்கிக்கொண்டிருக்க, அது சேர்ந்து, அளக்கப்பட்டு, பொய் என்று தீர்ப்பும் ஆகியிருக்கிறது. என்னைப் பொய்க்காரி என்று எழுதி வைத்துவிட்டு, பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரைக்கும் வைத்து, குறைக்காமல் வெட்டினேன். ஏழாவது கடிதத்துக்குள் வைத்து மடித்து டப்பாவைப் பலகையில் ஏற்றினேன். வயதாகிக் கால் வீங்கியிருக்கிறது. இப்போது வாங்குவதென்றால் இரண்டு விரல் கூட்டித்தான் வாங்க வேண்டும்.